மார்கழிக் கல்யாணமும் நான்கு அண்டாக்களும்

1

நான் குடியிருக்கும் இந்த ஜெர்மானிய நகரத்தில் மார்கழி பிறந்த செய்தி எவருக்கும் தெரியாது. என் மேசைமீதுள்ள கணினிக்கு மட்டும் தெரியும். பஞ்சாங்கத்தை அதனுள் எழுதி வைத்தவன் நான். இன்று காலை திரையின் மூலையில் மாதத்தின் பெயர் மாறியதைக் கண்டதும் சென்ற மார்கழி நினைவுக்கு வந்து, தனியே அமர்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி விசாலாட்சி எட்டிப் பார்த்து, "அண்டாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அந்தக் கதையைத்தான் நம் புதுக்கோட்டைச் சீமை அன்பர்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் நாள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் நீராடித் திருநீறு அணிந்து, ஒரு பதிகமேனும் பண்ணோடு பாடிய பின்னரே கணினியைத் தொடுவேன். மார்கழியில் பாட்டு சற்று நீளும். இங்கு வந்த புதிதில், கீழ்வீட்டில் தனித்து வாழும் அம்மையார் படியில் என்னை நிறுத்தி, வீட்டில் எவருக்கேனும் உடல்நலம் இல்லையா என்று கவலையோடு விசாரித்தார். விடியற்காலையில் முனகல் கேட்கிறதாம். அது முனகல் அன்று, இறைவனைத் துயிலெழுப்பும் பாட்டு என்று விளக்கினேன். இப்போதெல்லாம் குளிர்காலம் வந்ததும் பாட்டு எப்போது தொடங்கும் என்று அவரே கேட்கிறார். அந்த ஒரு மாதம் அவர் வீட்டில் கடிகாரத்துக்கு ஓய்வாம்.

பிறகு வேலை. பிறர் நிறுவனங்களில் மென்பொருள் எழுதி ஓய்வு பெற்றவன், இப்போது தனியனாக எழுதுகிறேன். தனியன் என்றால் எல்லாமே நான்தான். காலையில் குறைகேட்கும் அலுவலர். முற்பகலில் குறைக்குக் காரணமானவர். பிற்பகலில் அதைத் திருத்துபவர். மாலையில் திருத்தியதால் வேறு எங்கே உடைந்தது என்று தேடுபவர். கூட்டம் கூட்டி ஆலோசிக்க ஆள் இல்லை என்பதால் சன்னலோரத்துத் துளசித் தொட்டியோடு ஆலோசிப்பேன். துளசி இதுவரை என்னை மறுத்துப் பேசியதில்லை. அதுவே பிற்பாடு வினையாயிற்று.

2

இந்த நாட்டில் தனித்தொழில் செய்பவன் தான் எந்தத் தொழில் வகுப்பைச் சேர்ந்தவன் என்று வரி அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். மருத்துவர், எழுத்தாளர், ஓவியர் போன்றோர் ஒரு வகுப்பு. கடை வைத்து வாணிகம் செய்வோர் மறு வகுப்பு. மென்பொருள் எழுதுபவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். பலமுறை கடிதம் எழுதியும் தீராததால் நேரில் வரச் சொன்னார்கள்.

மேசைக்கு அப்பால் இருந்த பெண் அலுவலர், என் செயலி என்ன செய்கிறது என்று கேட்டார். எந்த அண்டா எந்தக் கல்யாணத்தில் இருக்கிறது என்பதை அது அறியும் என்றேன். அண்டா என்றால் என்ன என்றார். கையை விரித்துக் காட்டினேன். போதவில்லை. எழுந்து நின்று, "நீ உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம்" என்றேன்.

இவர்கள் மொழியிலும் நம்மைப் போல நீ உண்டு, நீங்கள் உண்டு. பதற்றம் வந்தால் என் நாவிலிருந்து முதலில் உதிர்வது நீதான். இத்தனை ஆண்டாகியும் திருந்தவில்லை. அரசு அலுவலரை நீ என்றழைத்ததோடு குளிக்கவும் அழைத்துவிட்டேன். உடன் வந்திருந்த விசாலாட்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண்மணியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். இந்த அறைக்கு வந்த எவரும் தம்மிடம் இத்தனை நெருக்கமாகப் பேசியதில்லை என்றார். சில வாரங்களில், நான் எழுத்தாளர் வகுப்பில் சேர்க்கப்பட்டேன் என்று கடிதம் வந்தது. ஊரில் தமிழ் படிக்க ஆசைப்பட்டு, அப்பாவின் கட்டாயத்தால் கணிதம் படித்தவன் நான். அந்தக் கடிதத்தைச் சுவாமி படத்தின்கீழ் வைத்துவிட்டு வந்து காப்பி குடித்தேன்.

3

அண்டாவுக்கு உரியவர் சகாயமேரி. ஆவூருக்குப் போகும் சாலையில் வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறார். கணவர் துபாயில் இருக்கிறார். சகாயத்தின் அண்ணனும் நானும் திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அந்த உரிமையில் நான் அவருக்கு அண்ணன், அவர் எனக்குத் தங்கச்சி. முன்னொரு விடுமுறையில் எங்கள் வீட்டுக் காதணி விழாவுக்குப் பாத்திரம் கேட்கப் போனபோது, இரண்டு கைப்பேசிகளில் இரண்டு கல்யாண வீடுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, கண்சாடையால் வண்டியில் கரண்டி ஏற்ற வைத்துக்கொண்டிருந்தார். எல்லாக் கணக்கும் அவர் தலைக்குள் இருந்தது. இதற்கு ஒரு செயலி எழுதித் தருகிறேன் என்று நானே வலியச் சொன்னேன்.

எழுதத் தொடங்கியபோதுதான் அந்தத் தலையின் பெருமை விளங்கிற்று. அண்டா, தவலை, கொப்பரை, அன்னக்கூடை என்று பெயர்களை அடுக்குவது எளிது. கறி சமைக்கும் பாத்திரத்தின் விளிம்பில் சிவப்புப் புள்ளி. கோயிலுக்கும் சோற்றுக்கும் போகிற பாத்திரத்தில் புள்ளி கிடையாது. ஒன்று மற்றொன்றோடு கலக்கலாகாது. வீட்டுக்காரர் எத்தனை இலை என்று சொன்னால், சகாயம் மனத்துக்குள் அதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வார். சிக்கனம் என்று பெயரெடுத்த வீடென்றால் கூட்டமாட்டார். இந்தக் கடைசி விதியை எப்படி எழுதுவது என்று கேட்டேன். "அத எழுதாதீங்கண்ணே, படிச்சா சண்டைக்கு வருவாங்க" என்றார்.

சோதனை மாதங்களில் கடை ஆட்கள் தேதியைத் தவறாகப் பதிந்தார்கள். தைமாதக் கல்யாணம் ஒன்று ஒருமுறை மார்கழியில் விழுந்துவிட்டது. மார்கழியில் எவர் கல்யாணம் செய்வார்? துளசித் தொட்டியைக் கேட்டேன். அதுவும் எவரும் செய்யார் என்றே மௌனம் காத்தது. ஆகவே செயலிக்கு ஒரு நல்லறிவு புகட்டினேன். கல்யாணம் என்று குறித்த பதிவு மார்கழியில் வந்தால், அது கைப்பிழை. சத்தமின்றி அதைத் தையின் முதல் முகூர்த்த நாளுக்கு மாற்றிவிடு. அன்னதானம், கோயில் விழா என்றால் மட்டும் மார்கழியில் ஏற்றுக்கொள், அது இறைவனுக்குரிய மாதமல்லவா. எழுதி முடித்தபோது ஒரு திருப்பணி செய்து முடித்த நிறைவு எனக்கு.

எவருக்காக எழுதுகிறேன் என்பதை அந்த ஒரு கணத்தில் மறந்தேன். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சகாயத்தின் கடைக்கு வருபவர்கள். கிறிஸ்து பிறப்பு முடிந்து பொங்கலுக்குள் அங்கே மாதாகோயில் மணி அடிக்காத வாரம் இல்லை. எல்லாம் கல்யாண மணி.

4

சென்ற ஆண்டு திருவாதிரை. இறைவன் ஆடிய நாள் என்று நான் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் நாள். களியும் கூட்டும் படைத்து, உண்டு முடித்து, உண்ட களைப்பில் இருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஊரில் அப்போது மாலை ஐந்து மணி இருக்கும்.

சகாயம் உரக்கப் பேசவில்லை. அதிலிருந்தே நிலைமை சரியில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"அண்ணே, நம்ம சூசைராஜ் வாத்தியார் பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம், சர்ச்சுல மந்திரிப்பு. பாத்திரம் ஏத்த வண்டி வந்து வாசல்ல நிக்கிது. ஆப்ல அந்தக் கல்யாணத்தையே காணும். தேடிப் பாத்தா, தை மாசத்துல போய் உக்காந்திருக்கு. நான் என் கையால போட்ட தேதிண்ணே."

பாத்திரங்கள் எங்கே என்று கேட்டேன்.

"கறிக்குப் பாத்திரம் இருக்கு. சோத்துக்குத்தான் இல்ல. பெரிய அண்டா நாலும் ஒங்க ஊரு சிவன் கோயில்ல நிக்கிது."

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில். அதன் அன்னதானக் குழுவுக்குத் தலைவன் என் மைத்துனன் நடேசன். அந்தக் குழுவுக்குச் சகாயத்தின் கடையையும் என் செயலியையும் பரிந்துரைத்தவன் நானே. கல்யாணம் தைக்கு நகர்ந்துவிட்டதால் அண்டாக்கள் ஓய்வாக இருப்பதாகக் கண்ட செயலி, அவற்றை மறுநாள் வரை கோயிலுக்கு ஒதுக்கியிருந்தது. எவரும் எங்கும் பிழை செய்யவில்லை. என் பக்தி ஒன்றைத் தவிர.

வேறு கடையில் கேட்டாயா என்றேன். கேட்டுவிட்டாராம். திருவாதிரைக்கும் ஐயப்ப பூசைக்குமாக அந்த அளவு அண்டா சுற்று வட்டாரத்தில் எங்கும் இல்லை. ஊரே உண்ண வரும் கல்யாணம். சோறு வடிக்கப் பாத்திரம் இல்லை என்றால் வாத்தியார் குடும்பம் தலை நிமிர முடியாது, அதன்பின் அந்தக் கடைப் படியை எவரும் மிதிக்கமாட்டார்கள்.

கோயிலைக் கேட்டாயா என்றேன்.

அதற்கு அவர் சொன்னார்: "நான் எப்படிண்ணே கேக்குறது? சாமிக்கு வடிச்ச சோத்த எறக்கி வச்சிட்டு அண்டாவக் குடுங்க, எங்க சர்ச்சுல கல்யாணம்னு நான் போயி நின்னா நல்லாவா இருக்கும்? நீங்க கேளுங்க."

5

எங்கள் மகள் மங்கை விடுமுறைக்கு வந்திருந்தாள். மருத்துவமனையில் வேலை, இங்கேயே பிறந்தவள். அவள் தமிழ் நம் சொற்களை இவர்கள் நடையில் நிறுத்தி வைக்கும். தேவாரப் பண்ணை அடையாளம் காண்பாள், ஆனால் பொருள் கேட்டால் கைப்பேசியை எடுப்பாள். என் முகத்தைக் கண்டு அருகில் வந்தவளிடம், நான் எழுதிய விதியைத் திரையில் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

அவளுடைய கல்யாணம் இந்நகரத்து நகராட்சி மன்றத்தில் நடந்தது. மாப்பிள்ளை இவ்வூர்க்காரர். அவர்கள் விரும்பிய கால அளவில் ஒரே ஒரு நாள்தான் அங்கே காலியாக இருந்தது. அது மார்கழி நடுவில். தை பிறக்கட்டும் என்று நான் மன்றாடிப் பார்த்தேன். பனி கொட்ட, பட்டுச் சேலைமீது கம்பளிக் குப்பாயம் போட்டுக்கொண்டு அவள் கையெழுத்திட்டாள். நானும் சாட்சிக் கையெழுத்திட்டேன். அந்நிய தேசம், குளிர், நகராட்சி என்று மூன்று காரணம் சொல்லி அதை விதிவிலக்காக என் மனத்துக்குள் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது என் கல்யாணத்தையும் தைக்குத் தள்ளியிருக்கும்" என்றாள்.

"தள்ளத்தான் பார்த்தேன்" என்றேன்.

"எனக்காவது நீங்க சொல்லிட்டுத் தள்ளப் பாத்தீங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை என் கையில் திணித்தாள். "மாமாவைக் கூப்பிடுங்க. அண்டாவைக் கேளுங்க."

கணினிக்கு முன் அமர்ந்து எத்தனையோ கடினமான வேலைகள் செய்திருக்கிறேன். திருவாதிரை நாளில், என் சொந்த ஊர்க் கோயிலைக் கூப்பிட்டு, ஆண்டவன் பேரால் வைத்த அன்னத்தை இறக்கி வை என்று சொல்வது அவற்றிலெல்லாம் கடினம். முதல் முறை மணியடித்து ஓய்ந்தது. நாகசுரச் சத்தத்தில் கேட்டிருக்காது. மீண்டும் அழைத்தேன்.

நடேசன் எடுத்தான். மூச்சு வாங்கியது. அண்டா வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன்.

"என்ன மச்சான், தேர் இழுக்க வரமாட்டீங்க, பந்தி பரிமாற வரமாட்டீங்க, சீமைல உக்காந்துக்கிட்டு அண்டாவ மட்டும் உருவப் பாக்குறீங்க. ராத்திரிப் பந்திக்கு வடிச்ச சோறு அதுலதான் கெடக்கு. எங்க கொட்டச் சொல்றீங்க, என் தலைலயா?"

அவன் திட்டுவதற்கு உரிமை உள்ளவன். திட்டி முடிக்கும்வரை காத்திருந்து, நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் சோறு வடிக்கப் பாத்திரம் இல்லை, பிழை என்னுடையது, கடைக்காரப் பெண்ணுடையது அன்று என்றேன். வாத்தியார் பெயரையும் சொன்னேன்.

"கல்யாண வீடா?" என்றான். குரல் மாறிவிட்டது. "இத மொதல்ல சொல்லக் கூடாதா மச்சான். அண்டா அண்டான்னா எனக்கு என்ன தெரியும். வண்டிய அனுப்பச் சொல்லுங்க."

வைத்துவிட்டான். நான் சொல்ல எண்ணி வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் எனக்குள்ளேயே மிஞ்சிவிட்டன.

6

அதன்பின் நடந்ததை விசாலாட்சியின் தங்கை அனுப்பிய படங்களாலும், மறுநாள் நடேசன் பேசியதாலும் அறிந்தேன். மண்டபத்தில் புது ஓலைப்பாய் விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து, ஆவி பறக்கும் சோற்றைக் கொட்டிக் குவித்தார்களாம். பெரிய அண்டாவில் இருந்தபோது எவர் கண்ணிலும் படாத அன்னம் மலைபோல் எழுந்து நிற்கவே, வந்திருந்த அன்பர்கள் அதைப் பார்த்துக் கைகூப்பினார்களாம். இனி ஒவ்வோர் ஆண்டும் இப்படியே குவிக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வேறு.

அண்டாக்களைக் கோயில் கிணற்றடியில் பெண்கள் புளிபோட்டுத் தேய்த்தார்கள். கோயிலில் கழுவிய பாத்திரத்துக்குத் திருநீற்றுப் பட்டை போடாமல் எடுத்து வைக்கும் பழக்கம் அங்கு இல்லை. எங்கே போகிற பாத்திரம் என்று கைகள் யோசிக்கவில்லை. நான்குக்கும் மூன்று மூன்று கோடு போட்டாயிற்று. பிறர் வீட்டுக்குப் பாத்திரத்தை வெறுமையாக அனுப்பும் பழக்கமும் இல்லை. ஆதலால் ஓர் அண்டாவுக்குள் தூக்குச்சட்டி நிறையத் திருவாதிரைக் களியும் ஏறிற்று. சகாயத்தின் வண்டி இருட்டியதும் புறப்பட்டு, சமையற்காரர் அடுப்பு மூட்டிக் காத்திருந்த வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றது.

திருநீறு பூசிய அண்டாக்களைப் பார்த்துக் கல்யாண வீட்டில் என்ன சொல்வார்களோ என்று சகாயம் துணியோடு போனாராம் துடைக்க. சூசைராஜ் வாத்தியார் தடுத்துவிட்டார். சாமி வீட்டிலிருந்து வந்ததைத் துடைப்பானேன் என்றாராம். மறுநாள் காலை அடுப்பங்கரையை மந்திரிக்க வந்த பங்குத் தந்தை, பட்டைகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அவற்றின் மேலேயே தீர்த்தத்தைத் தெளித்தார். பிறகு களி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

இவையெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரியும். கல்யாணத்தன்று காலையிலிருந்து நான் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தேன். மார்கழி விதியை அழித்தாயிற்று. இனி ஐயம் எழுந்தால் தானாக எதையும் நகர்த்தாது, சகாயத்தைக் கேட்கும்படி எழுதியும் ஆயிற்று. ஆனாலும் ஒரு கல்யாணத்தைத் தொலைத்த செயலியை எவர் மறுபடி நம்புவார்? வேண்டாம் அண்ணே, எனக்குத் தலைக்கணக்கே போதும் என்று சொல்லிவிட்டால், அது நியாயம்தான் என்று பதில்கூட ஆயத்தம் செய்து வைத்திருந்தேன்.

பந்தி நடக்கும் இரைச்சலுக்கு நடுவிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, சோறு பத்துமா பத்துமான்னு பாத்தா மிஞ்சுது. வாத்தியார் ஒங்களக் கேட்டாரு, அப்பறம் பேசுறேன்னாரு. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அண்டா கோயில்லேருந்து நேரா இங்க வந்துருச்சு, கடைக்கு வரவே இல்ல. ஆப்ல இன்னும் கோயில்லதான் நிக்கிது. நான் அத எப்படிப் போடுறது?"

நான் ஆயத்தம் செய்து வைத்திருந்ததோ வேறு கேள்விக்கான பதில். இன்று விட்டுவிடு தங்கச்சி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"நாளைக்கா? ஞானஸ்நான வீட்டுக்காரவுங்க இங்கயே பந்தில உக்காந்து, சாயங்காலம் அண்டாவத் தாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. நேரா அவுங்க வீட்டுக்கு ஏத்தி விட்டா எனக்கு ஒரு வண்டி வாடக மிச்சம். இப்பவே சொல்லுங்க."

கடையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து கடைக்கு. என் செயலியில் இந்த இரண்டு வழிகளே இருந்தன. ஒரு விசேஷத்திலிருந்து இன்னொரு விசேஷத்துக்குப் பாத்திரம் நேரே போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சகாயத்துக்கோ அது புதிதன்று; முகூர்த்த நாள்களில் காலங்காலமாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறார். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தேன். மங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்து, நான் எழுத எழுத ஒவ்வொரு முறையும் அமுக்கிப் பார்த்துப் பிழை சொன்னாள். பந்தியின் இரைச்சல் எங்கள் வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ரசம் கேட்டார்கள், யாரோ அப்பளம் கேட்டார்கள். ஒரு பொத்தான் ஆயத்தமாயிற்று. அதன்மேல் என்ன எழுதுவது? என் செயலியின் எல்லாத் திரைகளிலும் தூய செந்தமிழே இருக்கும். அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 'இடைமாற்றம்' என்று எழுதலாமா என்று கேட்டேன்.

"அது யாருக்குண்ணே புரியும்? 'அங்கிட்டிருந்து இங்கிட்டு'ன்னு போடுங்க."

மங்கை என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே எழுதினேன். சகாயம் அமுக்கினார். அண்டாக்கள் நான்கும் கோயிலிலிருந்து கல்யாண வீட்டுக்கு வந்தன. மாலையில் அவர் மீண்டும் அமுக்கியபோது ஞானஸ்நான வீட்டுக்குப் போயின.